பென்சிலில் வரைந்த இடுகாடு

யூதர்கள் ஒருவர்கூட இல்லாத ஊரில் யூதர்களின் இடுகாடு இருந்தது. தெற்கு ஜெர்மனியில் என் மகன் வேலை பார்க்கும் சிற்றூர் அது. திராட்சைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் சரிவில், ஆள் உயரச் சுவருக்குள் இருநூற்றுச் சொச்சம் கற்கள். இரும்புக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி நகராட்சி அலுவலகத்தில். கையெழுத்துப் போட்டு வாங்கி மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். சனிக்கிழமை தர மாட்டார்கள். அது யூதர்களுடைய ஓய்வு நாள். ஓய்வெடுக்க ஒருவரும் மிஞ்சவில்லை என்றாலும் விதி இருந்தது.

நானும் மனைவியும் மூன்று மாத விசாவில் போயிருந்தோம். முழங்கால் வலிக்காக டாக்டர் அவளை தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நடைபாதை அந்தச் சுவரை ஒட்டித்தான் போகும். முதல் வாரம் அவள் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் கதவின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து நெடுநேரம் பார்த்தாள். அன்று சாயங்காலம் மகனிடம், உள்ளே போக விடுவார்களா என்று கேட்டாள்.

"கல்லறைக்குப் போய் என்னம்மா பண்ணப் போற? ஊர்ல வேற எடமே இல்லையா? மேல ஒரு கோட்டை இருக்கு."

"கோட்டைய உங்கப்பா பாக்கட்டும். நம்ம ஊர் மலைக்கோட்டைக்கே நான் ஏறி இருபது வருஷம் ஆச்சு."

எங்கள் வீடுகளில் பெண்கள் இடுகாட்டுக்கோ சுடுகாட்டுக்கோ போவதில்லை. சொந்த அப்பா அம்மாவுக்கே அவள் தெருமுனை வரைதான் போனாள். அறுபத்திரண்டு வயதில் அவள் முதன்முதலாகக் கால் வைத்த இடுகாடு அது.

சாவியோடு ஓர் அம்மாள் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. யூதர் அல்ல. கையில் தடித்த கோப்பு ஒன்று, தோள்பையில் மென்மயிர் பிரஷ். ஆண்கள் தலையை மூட வேண்டும் என்றார். மகன் குளிர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டான். நான் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன்.

"களை எடுக்க வந்த ஆளு மாதிரியே இருக்கீங்க" என்றாள் மனைவி.

அந்த அம்மாள் ஜெர்மன் மொழியில் சொல்லச் சொல்ல மகன் தமிழில் சொன்னான். ஊர்க்காரர்களின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழிக்குக் காலவரை உண்டு. அது முடிந்து, வாரிசுகள் யாரும் நீட்டிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு வேறொருவரைப் புதைப்பார்கள். இங்கே அப்படிக் கிடையாது. ஒருவரைப் புதைத்தால் அந்த மண் அவருக்கே, எந்நாளைக்கும். கல் சாய்ந்தால் சாய்ந்தபடி இருக்கும். நகராட்சி ஆள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து புல்லை மட்டும் வெட்டுவார். ஒரு பக்கம் எபிரேய எழுத்து, மறுபக்கம் ஜெர்மன். நடுவில் முறிந்த தூணைப்போல் செதுக்கியிருந்தால் இளம் வயதில் போனவர். சில கற்களின் தலையில் கூழாங்கற்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து எப்போதாவது பேரன் பேத்திகள் வந்து வைத்துவிட்டுப் போவார்களாம். வெயில் சாயும் நேரத்தில்தான் அழிந்த எழுத்துகள் நிழல் விழுந்து தெரியும் என்பதால், அந்த அம்மாள் இருபது வருஷமாக மாலையில் வந்து, பிரஷ்ஷால் துடைத்து, படித்து, கோப்பில் ஏற்றிவந்தார். கோப்பின் முதல் பக்கம் வரைபடம். ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண்.

கீழ்ச் சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் கற்கள் முழங்கால் உயரம்தான் இருந்தன.

"இது குழந்தைங்களாம்" என்றான் மகன்.

சிலவற்றில் எழுத்து முழுக்க உதிர்ந்திருந்தது. சில இடங்களில் கல்லே இல்லை, புல்லில் ஒரு பள்ளம் மட்டும். அந்தப் பள்ளங்களுக்கும் வரைபடத்தில் எண் இருந்தது. மனைவி ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

மகன் கேட்டுச் சொன்னான். "பேர் தெரியாதாம். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருக்கும்ங்கறாங்க."

"பேர் இல்லாததுக்கும் நம்பர் போட்டிருக்காங்களா?"

"ஆமாம்மா."

அவள் விரலை எடுக்கவில்லை. "நமக்கும் ஒரு எடம் இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுடா" என்றாள்.

மகன் என்னைப் பார்த்தான். தனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்தது அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. வீட்டில் நாங்கள் அதைப் பேசியதில்லை.

முப்பத்தேழு வருஷத்துக்கு முன் நடந்தது. பெண் குழந்தை. பதினோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. பத்தாம் நாள் காலை இறந்துவிட்டது. மனைவி பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தாய்வீட்டில், காய்ச்சலோடு கிடந்தாள். என் வீடு ஸ்ரீரங்கம் என்பதால் கொள்ளிடக் கரைக்கு எடுத்துப் போனோம். அவ்வளவு சிறிய குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். கல் நடுவதில்லை. மாமனாரின் தம்பி டாக்ஸியில் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குழி தோண்டியவர் வாங்கி உள்ளே வைத்தார். நான் மூன்று பிடி மண் போட்டேன்.

"போதும் மாப்ள, நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது" என்றார் மாமனாரின் தம்பி.

திரும்பிப் பார்த்தால் குழந்தையும் பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது நாளிதழில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விபத்துச் செய்தி என்றால் லாரி எந்தத் திசை பார்த்து நின்றது, சாலையோர மரத்திலிருந்து எத்தனை அடி என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தென்னூர் அலுவலகத்தில் தலைமை நிருபர் தாளைத் திருப்பி என் மடியில் எறிவார். எந்த இடத்தில் நின்றாலும் நாலு பக்கமும் பார்த்து மனதில் குறித்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அன்று குறிக்கவில்லை. குழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தேன்.

பொன்மலைக்குத் திரும்பியதும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "எங்க வச்சீங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு புங்க மரத்தடியில" என்றேன்.

"கரையிலேர்ந்து எறங்குனதுமேவா?"

"இல்ல. சுவரோட வடகிழக்கு மூலையிலேர்ந்து பதினேழு தப்படி."

"நெழல் இருக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

பத்து என்றோ இருபது என்றோ சொன்னால் குத்துமதிப்பு என்று நினைப்பார்கள். பதினேழு என்றால் எண்ணியவன் என்று நம்புவார்கள். இது வேலையில் நான் கண்டது. அச்சில் ஒருநாளும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதில்லை. மனைவியிடம் பயன்படுத்தினேன். அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். அன்று மதியம் தூங்கினாள்.

அதற்குப் பிறகு சமயபுரம் போகும் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். "இங்கேர்ந்து தெரியாது" என்பேன். "எனக்குத் தெரியும்" என்பாள்.

அந்தப் புங்க மரம், வடகிழக்கு மூலை, பதினேழு தப்படி, நிழல் எல்லாவற்றையும், ஒரு சொல் மாறாமல், ஜெர்மனியில் அந்தச் சுவரோரம் நின்று அவள் சொன்னாள். மகன் மொழிபெயர்த்தான். கணக்கு ஆசிரியை கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் ஏதோ சொன்னார்.

"வரைஞ்சு வச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்கப்பா."

"இல்ல."

"அப்ப இப்பவே வரைங்கங்கறாங்க. பாத்த ஆள் உசுரோட இருக்கும்போதே வரைஞ்சிடணுமாம். இங்க அப்படி வரையறதுக்கு ஆள் இல்லாம போச்சாம்."

கோப்பிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி, அட்டையின் மேல் வைத்து, பென்சிலையும் சின்ன அளவுகோலையும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வடக்கு எது என்று கேட்டார். அம்புக்குறி போட்டேன். ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது? மேற்கிலிருந்து கிழக்கே. ஒரு தப்படி என்பது எவ்வளவு? இரண்டரை அடி என்றேன். மரத்துக்கு ஒரு வட்டம் போட்டேன்.

"மரம் இன்னும் கொஞ்சம் பெருசு" என்றாள் மனைவி, பக்கத்தில் நின்று.

வட்டத்தைப் பெரிதாக்கினேன்.

அவர் அதைப் படம் எடுத்துத் தன் கோப்புக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டார். மூலத்தை மனைவியிடம் கொடுத்தார். வெளியே வரும்போது, மேல் பக்கம் ராணுவ அணிவகுப்புபோல் நேர் வரிசையில் நின்ற முப்பது நாற்பது கற்களைக் காட்டி நான் கேட்டேன், அந்த வரிசை மட்டும் ஏன் அவ்வளவு ஒழுங்கு என்று. பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

மகன் பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னான். "அந்த வரிசைய நம்பாதீங்கங்கறாங்க. நாஜிங்க காலத்துல ஊர்ப் பசங்க ராத்திரியில வந்து எல்லாத்தையும் தள்ளிட்டாங்களாம். போர் முடிஞ்சதும் தள்ளுனவங்களையே கூப்ட்டு நிமித்தச் சொன்னாங்களாம். அவங்க பாட்டுக்குக் கைக்கு வந்த கல்ல எடுத்து, பாக்க அழகா வரிசையா நட்டுட்டுப் போயிட்டாங்க. எந்தக் கல்லுக்குக் கீழ யாருன்னு இனிமே கண்டுபிடிக்கவே முடியாதாம். எடம் தெரியலேன்னா சும்மா விட்டுருக்கணும்ங்கறாங்க. தள்ளுனதுல இந்தம்மாவோட அப்பாவும் உண்டாம். நிமித்துனதுலயும் உண்டாம்."

அந்த அம்மாள் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்ரீரங்கம் திரும்பிய மறுநாளே மனைவி ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்தத் தாளை லேமினேட் செய்துகொண்டு வந்தாள். சமையலறை அலமாரியில், மளிகைச் சீட்டு செருகும் இடத்தில் அதை வைத்தாள். காபி போடும்போது கண்ணில் படும்.

"ஒரு தடவை போய் நிக்கணுங்க" என்றாள். "கல்லெல்லாம் வேணாம். சும்மா ஒரு தடவை நின்னா போதும்."

வெயில் குறையட்டும் என்றேன். ஆற்றில் தண்ணீர் வடியட்டும் என்றேன். முழங்கால் வீக்கம் இறங்கட்டும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். ஆனால் அவள் என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தையின் வலது காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது, ஞாபகம் இருக்கா என்பாள். கொட்டாவி விடும்போது கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும் என்பாள். முப்பத்தேழு வருஷம் வாயைத் திறக்காதவள், போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசினாள். இல்லை என்று சொன்னால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அலமாரியைப் பார்க்காமல் காபி குடிக்கக் கற்றுக்கொண்டேன்.

தை மாதம் ஆற்றில் மணல் தெரிந்தது. சொல்ல வேறு காரணம் இல்லை. பேங்க்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் கொள்ளிடக் கரைக்குப் போனேன்.

சிமென்ட் பாதை, தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை போட்ட தகன மேடை. எனக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒருவர் காக்கிச் சட்டையோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பாவும் அங்கேதான் குழி வெட்டினாராம், இறந்து பல வருஷம் ஆகிறது. என் போனில் இருந்த வரைபடத்தைக் காட்டினேன். அதைப் பெரிதாக்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார்.

"யாரு சார் போட்டது இந்தப் படம்?"

"ஏன்?"

"புங்க மரமா? இங்க ஏது சார் புங்கன்? எங்க அய்யா காலத்துலேர்ந்து வெறும் கருவேலந்தான். அப்புறம் இந்தச் சுவரு. இது நான் வேலைக்கு வந்தப்புறம் கட்டுனது. அதுக்கு முன்னாடி இங்க ஒரு முள்வேலிகூடக் கெடையாது. இல்லாத சுவத்துலேர்ந்து இல்லாத மரத்துக்குப் பதினேழு தப்படி அளந்திருக்காரு பாருங்க. கொத்தனாரா இருப்பாரு. குடிச்சிட்டுப் போட்டுட்டாரு."

"நான்தான் போட்டேன்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார். யாரு, உங்க புள்ளையா?"

சொன்னேன். சின்னக் குழந்தைகளை எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன்.

"அதுக்குன்னு எடம் கெடையாது சார். மண்ணு எளகுனா எங்க வேணா வைப்போம். பெரும்பாலும் கீழ மணல் பக்கம். அதுக்கப்புறம் எத்தனை வெள்ளம் வந்துடுச்சு. அடையாளம் இருக்கக் கூடாதுன்னுதானே திரும்பிப் பாக்க வேணாங்கறோம்? வந்து வந்து நின்னா பெத்தவங்க பொழப்பு என்னாவறது?"

நான் போகாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார். நான் ஒரு எடம் காமிக்கறேன். மரம் வெள்ளத்துல போயிருச்சுன்னு சொல்லிடுவோம். இப்படி ஏற்கெனவே ரெண்டு பேருக்குக் காமிச்சிருக்கேன். அழுதுட்டு, நிம்மதியாப் போனாங்க."

"எந்த எடம்?"

"ஒரே எடந்தான் சார். நெழலா இருக்கும்."

நேர் வரிசையில் நட்ட அந்தக் கற்கள் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தன. நின்று யோசித்தேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்றேன்.

வியாழக்கிழமை அவள் விடியும் முன்பே குளித்துவிட்டாள். வெளிர் மஞ்சள் கைத்தறிப் புடவை. கைப்பையில் லேமினேட் செய்த தாள், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் பால். ஆட்டோவில் பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

காக்கிச் சட்டைக்காரர் இடத்தைப் பெருக்கி வைத்திருந்தார். கருவேல மரம் ஒன்றின் கீழே, சுற்றி நாலு செங்கல். மனைவி அதைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"மரம் வெள்ளத்துல போயிருச்சும்மா" என்றார் அவர். "இதுதாம்மா எடம். எங்க அய்யாவே சொல்லியிருக்காரு."

"நல்லா இருக்கணும்பா உங்க அய்யா" என்றாள்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்கி, மெதுவாக உட்கார்ந்தாள். டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தடவினாள். தொட்டிலில் துணியைச் சரிசெய்வதைப் போலத் தடவினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். கிலுகிலு என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் கையில் ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் கிலுகிலுப்பை. மண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. புதியது, நிறம்கூடப் போகவில்லை.

"இது யாரு வச்சது?"

"அது காத்துல எங்கேர்ந்தாச்சும் வந்திருக்கும்மா" என்றார் அவர்.

"காத்துல வந்தது மண்ணுக்குள்ள எப்படிப்பா போகும்?"

அவர் என்னைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள்.

சொன்னேன். நின்றபடி, அவள் உட்கார்ந்திருக்க, சொன்னேன். புங்க மரம் இல்லை. சுவர் அன்றைக்கு இல்லவே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, எந்த இடம் என்று அன்றே எனக்குத் தெரியாது.

"பதினேழு?"

"சும்மா சொன்னது."

"நெழல்?"

"அதுவும்."

அவள் கிலுகிலுப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள். கையை அசைக்காமல் இருந்தாள், சத்தம் வரக் கூடாது என்பதுபோல.

"அந்த மரத்துக்கு நான் வருஷா வருஷம் வயசு கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். "இந்நேரம் எவ்வளவு ஒசரம் இருக்கும், பூ உதிருமேன்னு. ஜெர்மனியில அந்தம்மா முன்னாடி வச்சு வட்டம் போட்டீங்களே. நான் பெருசாப் போடுங்கன்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

தோன்றியது என்று சொன்னேன். சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கிலுகிலுப்பையை எடுத்த இடத்திலேயே வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம் சொன்னாள்: "இத வச்ச பொண்ணு மறுபடி வந்தா இதெல்லாம் சொல்லிடாதப்பா. இது அவங்க எடமாவே இருக்கட்டும்."

"சரிம்மா" என்றார் அவர். அவருக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

பால் டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தாள். எழுந்திருக்க நான் கை நீட்டினேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்தாள். போகலாமா என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கல, சரி" என்றாள். "முன்னாடி என்ன இருந்துச்சு? கண்ண மூடிக்கிட்டா நடந்தீங்க?"

நான் அதை யோசித்ததே இல்லை. குழியிலிருந்து கரையை நோக்கி நடந்தேன். தெற்கே. கால் மணலில் புதைந்தது. தலை நிமிர்ந்தபோது எதிரே கோயில் கோபுரங்கள்.

"ராஜகோபுரம் நேரா தெரிஞ்சுது" என்றேன். "வெள்ளைக் கோபுரம் அதோட எடது பக்கத்துல, ஒட்டி. ரெண்டுக்கும் நடுவுல வானமே இல்ல. ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு."

"இதுக்கு எத்தனை தப்படி சொல்லப் போறீங்க?"

"இதுக்கு அளவு தெரியாது. ஆனா பாத்தேன்."

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பொய் சொல்பவனின் முகம் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியவள் போலப் பார்த்தாள். பிறகு தெற்கே திரும்பினாள். நாலு மாடி அடுக்ககங்கள், ஒரு செல்போன் டவர், கட்டி முடிக்காத ஒரு கல்யாண மண்டபம். கோபுரம் எதுவும் தெரியவில்லை.

"தள்ளிப் போனா தெரியும்" என்றாள்.

கரையிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிப் போகப் போக, கட்டடங்களுக்கு மேலே கோபுரம் எழும் என்பது சரிதான். இரண்டு கோபுரமும் தொட்டுக்கொண்டு தெரிவது ஒரே ஒரு நேர்க்கோட்டில் மட்டும்தான் என்பதும் சரி. அந்தக் கோடு கரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் போகும். குழந்தை அதில் எங்கே என்று அது சொல்லாது. வெள்ளம் மண்ணையே புரட்டிப் போட்டிருந்தால் அதுவும் இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"சொன்னீங்கள்ல, போதும்" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினாள். வலது காலை இழுத்து இழுத்து வைத்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை நின்று தெற்கே திரும்பினாள்.

"இங்கேர்ந்து?"

"ராஜகோபுரம் உச்சி மட்டும் தெரியுது."

"வெள்ளைக் கோபுரம்?"

"வீடு மறைக்குது."

மறுபடி நடந்தாள். கோரைப்புல் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து அந்தக் காக்கிச் சட்டைக்காரர் கத்தினார்: "அம்மா, அந்தப் பக்கம் போவாதீங்க, மணல் அள்ளுன குழி இருக்கு!" அவள் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

வெயில் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் தண்ணீர்.

"இப்போ?"

"ரெண்டும் தெரியுது. ஆனா நடுவுல வானம் இருக்கு."

"எவ்வளவு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் தன் கையைக் குடையாக வைத்து, தானே பார்த்தாள். பிறகு கிழக்கே ஓர் அடி எடுத்து வைத்தாள்.